நிரல் ஊருக்கு, பெயர் கம்பெனிக்கு!

ஜெர்மனி நாட்டின் வடகோடியிலே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்றொரு மாநிலம். அந்த மாநில சர்க்கார் 2024 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சர்க்கார் அலுவலகங்களில் உள்ள ஏறத்தாழ 30,000 கணினிகளில், மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஆபீஸ் மென்பொருளுக்கு விடை கொடுத்துவிட்டு, லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை ஏற்கப் போகிறோம் என்பதே அந்த அறிவிப்பு.

கடிதம் அடிக்க, கணக்கு அட்டவணை போட, கூட்டத்திலே திரையில் காட்டும் படங்களைத் தயாரிக்க உதவுவது லிப்ரே ஆபீஸ். தமிழ் முகத்தோடும் அது கிடைக்கிறது. விலை இல்லை. விலை இல்லை என்பதுகூடப் பெரிதல்ல; அதன் மூல நிரல், அதாவது கணினிக்கு மனிதன் எழுதிக் கொடுத்திருக்கிற கட்டளை வரிகள் அத்தனையும், வெட்டவெளிச்சமாகக் கிடக்கின்றன. யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை நகலெடுத்து அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். பெரும் கம்பெனிகள் இந்த வரிகளைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பிலே செருகிக்கொள்கின்றன. இங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. திறமூல மென்பொருள் என்று இதற்குப் பெயர்.

அப்படியானால் இது யாருக்குச் சொந்தம்? "எல்லோருக்கும் சொந்தம்" என்பார்கள். கேட்க இனிக்கிறது! ஆனால் அந்த இனிப்பான பதிலுக்குள்ளே ஒரு வில்லங்கம் பதுங்கியிருக்கிறது. எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லப்பட்ட பண்டம், ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்கு, ஆடு மாடு கைமாறுவதுபோல் கைமாறிய கதை ஒன்று உண்டு. லிப்ரே ஆபீஸ் பிறந்ததே அந்தக் கதையில்தான். கணினியைத் தொடாத தோழர்களுக்கும் அது புரியும். சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

ஜெர்மனியிலே ஸ்டார் டிவிஷன் என்று ஒரு சிறு கம்பெனி இருந்தது. மார்கோ போரீஸ் என்ற இளைஞர் 1980-களில் தொடங்கியது. ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருளைச் செய்து விற்று வந்தார்கள். 1999-ல் அமெரிக்க நாட்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு, 2000 அக்டோபர் 13 அன்று, மூல நிரலை உலகத்தார் முன்னே திறந்து வைத்தது. ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் என்று பெயர் சூட்டியது. (வெறும் 'ஓப்பன் ஆபீஸ்' என்ற பெயரில் வேறு ஆட்களுக்கு உரிமை இருந்ததால் வாலிலே அந்த 'ஆர்க்' ஒட்டிக்கொண்டது. பெயர்த் தகராறு பிறந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது, பாருங்கள்!)

சன் கம்பெனி தருமத்துக்காக இதைச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. மைக்ரோசாப்டின் ஏகபோகத்தைத் தாக்க வேண்டும் என்ற வாணிபக் கணக்கு அதற்கு இருந்தது. எதிரி சோடா விற்கும் கடைக்கு நேர் எதிரே தண்ணீர்ப் பந்தல் வைப்பது போன்ற வேலை. எனினும் பந்தலிலே குடித்தவனுக்குத் தாகம் தீர்ந்தது உண்மை.

அந்தப் பந்தலுக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குறை கண்டுபிடித்துச் சொன்னவர்கள், திருத்தி எழுதியவர்கள், தங்கள் தாய்மொழியிலே பெயர்த்தவர்கள், கையேடு எழுதியவர்கள், தெரியாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத கைகள் இவை. நிரலின் பெரும்பகுதியை எழுதியவர்கள் சன் கம்பெனியின் சம்பள ஆட்கள்தாம். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஹாம்பர்க் நகரத்து அலுவலகத்திலே எழுதப்பட்ட நிரல், உலகத்து மொழிகளைப் பேசத் தொடங்கியது அந்தச் சம்பளமில்லாக் கைகளால்தான்.

இப்படி நிரல் கொண்டுவந்து கொடுத்தவர்கள் முன்னே சன் கம்பெனி ஒரு தாளை நீட்டியது. கூட்டுப் பதிப்புரிமை ஒப்படைப்பு என்று அந்தத் தாளுக்குத் தலைப்பு.

இந்த இடத்திலே தோழர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். கதை எழுதியவனுக்குக் கதையின் மீது பதிப்புரிமை இருப்பதுபோல், நிரல் எழுதியவனுக்கு நிரலின் மீது பதிப்புரிமை உண்டு. (கூலிக்கு எழுதினால், கூலி கொடுத்தவனுக்கு.) 'எல்லோரும் பயன்படுத்தலாம், திருத்தலாம்' என்ற அனுமதி இருக்கிறதே, அது பதிப்புரிமை வைத்திருப்பவன் எழுதிக் கொடுக்கிற உரிமம். பட்டா ஒருவன் பெயரில் இருக்கிறது. 'என் கிணற்றிலே ஊரார் தண்ணீர் எடுக்கலாம்' என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒரு முறை எழுதிக் கொடுத்து வெளியிட்ட நிரலை ஊரார் கையிலிருந்து பிடுங்க முடியாது. அந்த மட்டிலே நல்லது. ஆனால் பட்டா பட்டாதான். அடுத்த பதிப்பை எந்த நிபந்தனையில் வெளியிடுவது, வேறு யாருக்கு வேறு எந்த விலையில் கொடுப்பது என்பதையெல்லாம் பட்டாக்காரனே தீர்மானிப்பான்.

சன் நீட்டிய தாளில் கையெழுத்திட்டால், எழுதியவனிடமும் உரிமை தங்கும். சன் கம்பெனிக்கும் அதே உரிமை போய்ச் சேரும். அதனால்தான் 'கூட்டு' என்று பெயர். விளைவு என்ன? எழுதியவனிடம் அவன் எழுதிய நூறு வரி. கம்பெனியிடமோ, கையெழுத்திட்ட ஒவ்வொருவனுடைய நூறு வரியும்! கூட்டு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கையெழுத்திட மனமில்லாதவர்களும் இருந்தார்கள். கம்பெனி ஏற்காத திருத்தங்களையும் சேர்த்து, கோ-ஓஓ என்ற பெயரிலே வேறொரு பதிப்பாகச் சிலர் வெளியிட்டு வந்தார்கள். அப்போது அது முணுமுணுப்பாகத் தெரிந்தது. பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பார்ப்போம்.

நிர்வாகம் யாரிடம்? சமூகக் குழு என்று ஒரு குழு இருந்தது. பல நாட்டவர் அதிலே அங்கம் வகித்தார்கள், கூடினார்கள், பேசினார்கள், தீர்மானம் போட்டார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் குழு தென்படாது. அதன் பெயரில் ஒரு நாற்காலியைக்கூட எழுதி வைக்க முடியாது. ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் என்ற பெயர் சன் கம்பெனியின் வர்த்தகச் சின்னம். நிரல் குடியிருந்த கணினிகளுக்குப் பணம் கட்டியது சன். தன்னாட்சி கொண்ட ஓர் அமைப்பின் கையிலே இதை ஒப்படைப்போம் என்ற வாக்கு முதல் சாசனத்திலேயே இருந்தது. ஓராண்டு, ஈராண்டு அல்ல, பத்தாண்டு கழிந்தது. வாக்கு வாக்காகவே இருந்தது.

ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். முதலாளி நல்லவர், சங்கம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கட்டிடம் அவரே தருகிறார். பெயர்ப் பலகை அவரே எழுதித் தருகிறார். செயற்குழு கூடும்போது காப்பியும் அனுப்புகிறார். தொழிலாளர்கள் சந்தோஷமாகச் சங்கம் நடத்துகிறார்கள். ஒரு நாள் ஆலை விற்கப்படுகிறது. புது முதலாளி வருகிறார்; கட்டிடப் பத்திரத்தைப் பார்க்கிறார்; ஆலையின் பெயரில் இருக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்க்கிறார். அதுவும் ஆலைச் சொத்து. "நீங்கள் யார்?" என்று செயற்குழுவைக் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

2009 ஏப்ரல் 20 அன்று அந்தக் கேள்விக்கு நாள் குறிக்கப்பட்டது. சன் கம்பெனியை 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் கம்பெனி அன்று அறிவித்தது. 2010 ஜனவரி 27-ல் வாணிபம் முடிந்தது. ஆரக்கிள், லாரி எல்லிசன் என்ற கோடீசுவரர் தொடங்கிய கம்பெனி; தரவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருளை விற்றே வளர்ந்தது. சன் கம்பெனியின் கணினிகள், கட்டிடங்கள், காப்புரிமைகளோடு, அதன் குடையின் கீழே வளர்ந்த 'எல்லோருக்கும் சொந்தமான' பணிகளும் ஒரே பத்திரத்திலே அடங்கின. அவற்றில் ஓப்பன் ஆபீஸ் ஒன்று. மற்றவற்றுக்கு நேர்ந்ததையும் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

ஓப்பன் சொலாரிஸ் என்று ஒன்று. கணினியை இயக்குகின்ற அடிப்படை மென்பொருள். அதற்கு உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழு இருந்தது. ஆட்சிக்குழு! பெயரிலே ஆட்சி இருந்தது. ஆரக்கிள் வந்த பிறகு, அந்தக் குழுவோடு பேசக்கூட ஆளில்லை. 2010 ஜூலையில் குழு கெடு விதித்தது: ஆகஸ்ட் 16-க்குள் எங்களோடு பேச அதிகாரம் பெற்ற ஒருவரை நியமியுங்கள், இல்லையேல் விலகுவோம் என்று. கம்பெனி ஒருவரையும் நியமிக்கவில்லை. ஆகஸ்ட் 23 அன்று ஆட்சிக்குழு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. மிரட்டுவதற்கு அதன் கையிலிருந்த ஒரே ஆயுதம், தான் செத்துவிடுவேன் என்பதுதான்! எதிரி அதற்கு அஞ்சவில்லை.

மைஎஸ்கியூஎல் என்று இன்னொன்று. தரவு சேமிக்கும் மென்பொருள். பல்லாயிரக்கணக்கான இணையதளங்களுக்கு அடித்தளம். பின்லாந்து நாட்டு மைக்கேல் விடெனியஸ் அதை உருவாக்கியவர்களில் முதல்வர். அவருடைய மூத்த மகளின் பெயர் மை. மகளின் பெயரையே மென்பொருளுக்கு வைத்தார். அந்தக் கம்பெனியை 2008-ல் சன் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. நிரலின் பதிப்புரிமை முழுவதும் கம்பெனியின் பெயரில் இருந்ததால், அதுவும் சேர்ந்தே போயிற்று. பிறகு சன்னோடு ஆரக்கிளுக்குப் போயிற்று. 'இந்த விற்பனையை அனுமதிக்காதீர்' என்று விடெனியஸ் ஐரோப்பிய ஆணையத்தின் கதவைத் தட்டினார். 2010 ஜனவரி 21 அன்று ஆணையம் அனுமதி வழங்கிவிட்டது. நிரலை நகலெடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்க அவருக்கு உரிமை இருந்தது. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. பெயர் மட்டும் எடுக்கக் கூடாது. பெற்ற மகளின் பெயரைத் தகப்பன் பயன்படுத்தத் தடை! இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்று தொடங்கினார். (கம்பெனி விற்ற பணத்தில் அவருக்கும் பங்கு வந்தது, ஆகவே கண்ணீர் வடிக்க நமக்கு அவசரமில்லை. ஆனால் பெயர் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?)

மூன்றாவது ஹட்சன். பலர் எழுதும் நிரல்களை ஒன்று சேர்த்துத் தானாகவே சோதித்துப் பார்க்கும் கருவி. சன் கம்பெனியில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளர் தொடங்கியது. 2010 இறுதியில், நிரலை வேறொரு இடத்துக்கு மாற்ற உழைப்பவர்கள் முனைந்தபோது, 'நிரலை எடுத்துப் போங்கள், ஹட்சன் என்ற பெயர் எங்களுடையது' என்றது ஆரக்கிள். 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெயரை மாற்றிக்கொண்டு வெளியேறலாம் என்போர் 214. வேண்டாம் என்போர் 14. ஜென்கின்ஸ் என்ற புதுப்பெயர் பிறந்தது. அந்தப் பெயரை லாப நோக்கில்லாத ஒரு பொது அமைப்பின் வசம் வைத்தார்கள். பட்ட அடியிலே பாடம் கற்றவர்கள்! ஆரக்கிளிடம் தங்கிய ஹட்சன், வேறு கைக்கு மாறி, ஆதரிப்பாரின்றி முடிந்தது.

இனி ஓப்பன் ஆபீசுக்குத் திரும்புவோம். மற்ற வீடுகளிலே நடப்பதை அங்கே உழைத்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2010 செப்டம்பர் 28 அன்று அவர்களில் முன்னணியினர் வெளியே வந்தார்கள். ஆவண அறக்கட்டளை என்ற அமைப்பை அறிவித்தார்கள். பத்தாண்டுக்கு முன் தரப்பட்ட தன்னாட்சி வாக்கை நாங்களே நிறைவேற்றிக்கொள்கிறோம் என்றார்கள். ஆரக்கிளையும் வாருங்கள் என்று அழைத்தார்கள். ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரை அறக்கட்டளைக்குத் தாருங்கள் என்று கேட்டார்கள். தரும்வரை தற்காலிகமாக லிப்ரே ஆபீஸ் என்று வைத்துக்கொண்டார்கள். லிப்ரே என்றால் பிரெஞ்சு மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் 'விடுதலை பெற்ற' என்று பொருள்.

ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. அடுத்த மாதமே, அக்டோபரில் கூடிய சமூகக் குழுக் கூட்டத்திலே, அறக்கட்டளையில் சேர்ந்தவர்கள் இந்தக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்றது ஆரக்கிள் தரப்பு. இரு பக்கமும் கால் வைப்பது நலமுரண் என்பது வாதம். பத்தாண்டு தண்ணீர் ஊற்றியவனைப் பார்த்து, தோட்டக்காரன் சொல்கிறான்: நீ வேறு செடி நட்டுவிட்டாய், வேலிக்கு வெளியே போ! 'தற்காலிகம்' என்று வைத்த பெயர் அன்றோடு நிரந்தரமாயிற்று.

அதற்குப் பின் நடந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும். நிரல் ஊருக்குச் சொந்தம் என்ற உரிமம் இருந்ததே, அதன் பலன் இங்கேதான் தெரிந்தது. நகலெடுத்தார்கள். முன்பு தனியே கிடந்த கோ-ஓஓ திருத்தங்களை உள்ளே சேர்த்தார்கள். 2011 ஜனவரி 25 அன்று லிப்ரே ஆபீஸ் 3.3 வெளியாயிற்று. லினக்ஸ் கணினி முறையை வழங்கும் அமைப்புகள் வரிசையாக இந்தப் பக்கம் சாய்ந்தன. கூகிள், நோவெல், ரெட்ஹேட், கனானிக்கல் ஆகியவை தொடக்கத்திலேயே ஆதரவு தெரிவித்திருந்தன. இவர்களும் முதலாளிகள்தாம், ஒரு முதலாளியின் கையில் எல்லாம் சிக்குவதை இன்னொரு முதலாளி விரும்பமாட்டான் என்ற கணக்கு அங்கேயும் உண்டு. அதை அறிந்தே நாம் எழுதுகிறோம்.

ஆரக்கிள் பக்கத்தில் ஆட்கள் குறைந்தார்கள். 2011 ஏப்ரலில், ஓப்பன் ஆபீசை வாணிபமாக நடத்துவதை நிறுத்துகிறோம் என்றது கம்பெனி. சரி, இப்போதாவது பெயரை உழைத்தவர்களிடம் தருவார்களா என்று உலகம் பார்த்தது. ஜூன் 1 அன்று தந்தார்கள். யாரிடம்? அமெரிக்காவிலுள்ள அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம்! ஐபிஎம் கம்பெனி உடனே வரவேற்றது.

அப்பாச்சி லாப நோக்கில்லாத அமைப்பு. பல நல்ல பணிகளை நடத்துவது. அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அப்பாச்சிக்கென்று தனி உரிமம் உண்டு. அந்த உரிமத்தின்படி, நிரலை எடுத்துப் பூட்டி வைத்து விற்கவும் கம்பெனிகளுக்கு இடம் உண்டு. அதுவரை ஓப்பன் ஆபீஸ் வெளிவந்த உரிமமோ வேறு. நிரலைத் திருத்தி வெளியிடுகிறவன் திருத்தத்தையும் ஊருக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது. இந்த உரிமத்தை அந்த உரிமமாக மாற்ற ஆரக்கிளுக்கு எப்படி முடிந்தது? உழைத்த எத்தனையோ பேரில் ஒருவரையும் கேட்காமல் எப்படி முடிந்தது? முன்பு நீட்டப்பட்ட தாள்தான்! எல்லாருடைய நூறு வரிகளும் ஒரே பெட்டியிலே இருந்தன. பெட்டியோடு கம்பெனியை வாங்கியவன் பெட்டியைத் திறந்தான். வேறு உரிமத்தை ஒட்டினான். வேறு வாசலிலே வைத்தான். சன்னை நம்பிக் கையெழுத்திட்டவர்களின் கையெழுத்து, அவர்கள் கண்டிராத ஆரக்கிளுக்குப் பயன்பட்டது.

"இதிலே என்ன அநியாயம்? சம்பளம் கொடுத்தவன் சன். பணம் கொடுத்து வாங்கியவன் ஆரக்கிள். சட்டம் எங்கே மீறப்பட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கேயும் மீறப்படவில்லை. அதைத்தான் நாமும் சொல்கிறோம்! ஒவ்வொரு அடியும் சட்டப்படியே வைக்கப்பட்டது. சம்பளம் கொடுத்து எழுதி வாங்கிய நிரல் கம்பெனிக்கு என்றால் நமக்கு வழக்கில்லை. 'வாருங்கள், இது உங்கள் வீடு' என்று வெளியாரை அழைத்து, அவர்கள் கட்டிய அறைக்கும் தன் பெயரிலே பத்திரம் எழுதிக்கொண்டார்களே, அதற்குத்தான் வழக்கு. சட்டம் துணை நின்றது என்பதால் அது நியாயமாகிவிடுமா?

ஒப்படைப்புத் தாள் என்றாலே தீது என்றும் நாம் சொல்லவில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் தன் பணிகள் பலவற்றுக்கு அத்தகைய தாளைக் கேட்டுப் பெற்றது. உரிமத்தை மீறியவன் மேல் வழக்காட, உரிமையெல்லாம் ஓரிடத்தில் இருந்தால் வசதி என்பது காரணம். லாபத்துக்கு நடக்காத அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதும், பங்குச் சந்தையிலே நாள்தோறும் விலை பேசப்படுகிற கம்பெனியிடம் ஒப்படைப்பதும் ஒன்றாகா. ஆனாலும் அங்கேயும் காற்று மாறியிருக்கிறது. அதன் பெரும் பணிகளில் ஒன்றான ஜிசிசி, 2021 ஜூனில் அந்தக் கட்டாயத்தை விட்டுவிட்டது.

லிப்ரே ஆபீஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? தாளே வேண்டாம் என்றார்கள். எழுதியவனுடைய பதிப்புரிமை எழுதியவனிடமே இருக்கட்டும். இன்ன உரிமத்தின்படி தருகிறேன் என்று அவன் சொன்னால் போதும். பட்டா பல நூறு பேர் பெயரில் சிதறிக் கிடக்கிறது. வாங்க வருபவன் யாரிடம் போவான்? விற்க நினைப்பவன் யார் யாரைச் சம்மதிக்க வைப்பான்? நிர்வாகத்துக்கு இது சிரமம்தான். உரிமத்தில் ஒரு சொல்லை மாற்றவும் ஊரெல்லாம் அலைய வேண்டும். அந்தச் சிரமமே வேலி.

பெயருக்கும் பணத்துக்கும் ஒரு வீடு வேண்டுமே! அதற்கு ஜெர்மனியின் அறக்கட்டளைச் சட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சட்டப்படி அமையும் அறக்கட்டளைக்குப் பங்குதாரர் கிடையாது, உரிமையாளர் கிடையாது. எந்த நோக்கத்துக்கென்று சொத்து எழுதி வைக்கப்பட்டதோ, அந்த நோக்கத்துக்கே அது கட்டுப்பட்டது. தொடங்கியவர்களே மனம் மாறினாலும் எடுத்துப் போக முடியாது. மேலே மாநில அதிகாரியின் கண்காணிப்பு உண்டு. இதற்கு மூலதனம் வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் உலகத்தாரிடம் கையேந்தினார்கள். 50,000 யூரோ கேட்டார்கள். எட்டு நாளில் சேர்ந்தது. ஒரு பணக்காரன் வீசியதல்ல அது. பயன்படுத்துகிறவர்கள் தந்த சில்லறைகள் சேர்ந்த தொகை. 2012 பிப்ரவரி 17 அன்று பெர்லினில் அறக்கட்டளை பதிவாயிற்று.

உறுப்பினர் யார்? சந்தா கட்டியவன் அல்ல, வேலை செய்தவன். நிரல் எழுதியவனும் உறுப்பினர்; மொழிபெயர்த்தவனும் உறுப்பினர்; கையேடு எழுதியவனும் உறுப்பினர். உறுப்பினர் தகுதி ஆயுளுக்கும் அல்ல. புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். அவர்கள் வாக்களித்து, ஏழு பேர் கொண்ட இயக்குநர் குழுவை ஈராண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கம்பெனியின் ஆட்கள் குழுவிலே பெரும்பான்மையாகிவிடாதபடி வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

பொற்காலம் பிறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நிரல் எழுதுவோரில் பலர் ஏதாவதொரு கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்கள். அவர்கள் இயக்குநர்களாக அமரும்போது, அறக்கட்டளையின் பணம் எந்த வேலைக்கு, யாருக்குப் போகிறது என்பதிலே நலமுரண் பற்றிய வாக்குவாதம் காரசாரமாக நடந்ததுண்டு. நமக்கு அது அதிர்ச்சியளிக்கவில்லை. எந்தச் சங்கத்தில் சச்சரவில்லை? ஓப்பன் சொலாரிஸ் ஆட்சிக்குழுவிலே சச்சரவுக்கே இடமிருக்கவில்லை. சண்டை போட்டு வெல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இங்கே சண்டை போடுகிறவன் கையில் ஒரு வாக்குச்சீட்டு இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு ஒரு தேதி இருக்கிறது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் சர்க்கார் 30,000 கணினிகளை நம்பி ஒப்படைக்க முன்வந்தது, ஒரே நாளில் வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட முடியாத இந்த வீட்டிலே குடியிருக்கும் மென்பொருளைத்தான்.

ஆனால் அந்தப் பழைய பெயர்? அது இன்னமும் அப்பாச்சியிடம் இருக்கிறது. பெயர் ஒரு வீட்டிற்கும், உழைக்கும் கைகளில் பெரும்பாலானவை வேறொரு வீட்டிற்கும் போய்விட்டன. 2014 ஏப்ரலில் அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் 4.1 வெளியாயிற்று, அதன் பின் பத்தாண்டுகளில் வந்தவையெல்லாம் அதே 4.1-க்குச் சிறு திருத்தங்கள். லிப்ரே ஆபீசோ ஆண்டுக்கு இரு முறை புதுப்பதிப்பு கண்டது. 2020 அக்டோபர் 12 அன்று, நிரல் திறக்கப்பட்டதன் இருபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, ஆவண அறக்கட்டளை அப்பாச்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. பெயரைத் தாருங்கள் என்றுகூட அதிலே கேட்கவில்லை. உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம், அடுத்த தெருவிலே புதியது இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டு, அதைத் தேடி, பழைய வாசலிலேயே வந்து நிற்பவர்கள் அதற்குப் பிறகும் குறைந்தபாடில்லை.